தொடாதே என்று சொல்லப்பட்ட பிரேக்

மதுரையில் அண்ணன்தான் எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தான். பள்ளிக்கூட மைதானம், அப்பாவின் ஸ்ப்ளெண்டர், ஒரே ஒரு எச்சரிக்கை: "முன் பிரேக்கத் தொடாதடா, குப்புறத் தள்ளிரும்." பதினைந்து வருடம் அப்படியேதான் ஓட்டினேன். ஒருமுறை ரிங் ரோட்டில் நாய் குறுக்கே வந்தது. கால் பிரேக்கை முழுக்க மிதித்தேன். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு, வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய் விழுந்தது. முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றைக்கும் நாயைத்தான் குற்றம் சொன்னேன்.

இப்போது நான் இருக்கும் அமெரிக்காவின் டெக்சாஸில், பைக் ஓட்டுவதற்கான எம் கிளாஸ் லைசென்ஸ் வேண்டுமென்றால் எந்த வயதுக்காரரும் பாதுகாப்புப் பயிற்சியை முடித்தாக வேண்டும். ஆஸ்டினில் நான் சேர்ந்தது மோட்டார்சைக்கிள் சேஃப்டி ஃபவுண்டேஷன் வகுத்த ஆரம்பநிலைப் பயிற்சி. முதலில் இணையத்தில் பாடம், பிறகு சனி ஞாயிறு இரண்டு நாளும் பெரிய பார்க்கிங் திடலில் ஓட்டம். சின்ன வண்டிகளை அவர்களே தருகிறார்கள். கையுறை, கணுக்காலை மூடும் ஷூ, முழுக்கைச் சட்டை எல்லாம் நாம் கொண்டுபோக வேண்டும்.

முதல் பயிற்சியில் யாரும் வண்டியை ஓட்டவே இல்லை. உட்கார்ந்தபடி கிளட்ச்சை மெல்ல விடு, வண்டி முன்னால் அசைந்ததும் பிடி, பின்னால் உருண்டு வா, மறுபடி விடு. நம்மூர் ஆஃப் கிளட்ச்தான். ஊரில் அதை ஏறுமேட்டில் பயந்து பயந்து கற்றுக்கொண்டோம். இங்கே கைக்குப் பழகும் வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னார்கள்.

எனக்குச் சிக்கல் கியரில் ஆரம்பித்தது. ஸ்ப்ளெண்டரில் முன்னால் மிதித்துக்கொண்டே போனால் நான்காவது கியர் வரை ஏறும். இந்த வண்டியில் முதல் கியர் மட்டும் கீழே, மற்றதெல்லாம் மேலே தூக்க வேண்டும். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போக நினைத்து மிதித்துவிட்டேன். முதல் கியரில் விழுந்து வண்டி உறுமியது. தலை முன்னால் போய் வந்தது. புதிதாகக் கற்றுக்கொண்டிருந்த பக்கத்துப் பையனுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவன் காலுக்குப் பழைய பாடம் எதுவும் தெரியாது.

சனி மதியம் அவசர பிரேக். குறிப்பிட்ட வேகத்தில் வந்து, கூம்புகளைத் தாண்டியதும் முடிந்த அளவு குறைந்த தூரத்தில் நிற்க வேண்டும். கால் தானாக அழுத்தியது, கை சும்மா இருந்தது. டயர் கிரீச்சிட்டது. பின்சக்கரம் தார்மேல் கறுப்புக் கோடு போட்டுக்கொண்டு போய், எல்லோருக்கும் அப்பால் நின்றேன்.

பயிற்சியாளர் ஒரு பெண்மணி, அறுபதை ஒட்டிய வயது. அந்தக் கோட்டருகே கூட்டிப்போய்க் காட்டினார். நிறுத்தும் சக்தியில் ஏறத்தாழ 70 சதவீதம் முன் பிரேக்கில் இருக்கிறது என்றார். பிரேக் பிடித்ததும் எடை முன்னால் சாயும். முன் டயர் தரையில் அழுந்தும். அழுந்த அழுந்தப் பிடிமானம் கூடும். பின்சக்கரமோ லேசாகிவிடும், அதனால்தான் சுலபமாகப் பூட்டிக்கொள்கிறது. முன் பிரேக் லிவரை வெடுக்கென்று இழுத்தால் எடை வந்து சேர்வதற்குள் முன்சக்கரம் பூட்டிவிடும். அண்ணன் பயந்தது அதற்குத்தான். ஆரஞ்சுப் பழத்தைப் பிழிவதுபோல நான்கு விரலாலும் படிப்படியாக இறுக்க வேண்டும், வண்டி நேராக இருக்கும்போது. முன்சக்கரம் பூட்டினால் உடனே விட்டு மறுபடி பிடிக்க வேண்டும்.

இந்தப் பழக்கம் மதுரைக்கு மட்டும் உரியதல்ல. தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹர்ட் குழுவினர் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900-க்கும் மேற்பட்ட விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து, 1981-ல் அறிக்கை தந்தார்கள். விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களில் 92 சதவீதம் பேர் தானாகவோ, வீட்டாரிடமோ, நண்பர்களிடமோ கற்றவர்கள். ஆபத்து நேரத்தில் பின் பிரேக்கை மிதித்து வழுக்கவிட்டதும், முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்காததும் அதில் பதிவாகியிருக்கிறது. படித்தபோது ரிங் ரோடு கண்முன் வந்தது.

அன்று மாலைக்குள் பத்துப் பன்னிரண்டு முறை ஓட்டிப் பார்த்திருப்பேன். கடைசி இரண்டு முறைதான் கை சரியாக வேலை செய்தது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அமுங்கி, வண்டி தரையோடு ஒட்டி நின்றது. குப்புறத் தள்ளவில்லை.

ஞாயிறு தேர்வு: கோடு போட்ட பெட்டிக்குள் யு-டர்ன், திடீர் விலகல், வளைவு, அவசர பிரேக். யு-டர்னில் ஒரு கோட்டைத் தொட்டுவிட்டேன், புள்ளி போனது. பிரேக்கில் ஒன்றும் போகவில்லை. சான்றிதழ் கிடைத்தது. 21 வயது நிறைந்து, பயிற்சியும் முடித்தவர் ஹெல்மெட் இல்லாமல் ஓட்ட இங்கே சட்டம் இடம் தருகிறது. அதை என்னால் ஏற்கவே முடியவில்லை. நான் ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் வீடு வந்தேன்.

அண்ணன் மகனுக்குப் போன மாதம் புது வண்டி வாங்கியிருந்தார்கள். அன்றிரவே அண்ணனைக் கூப்பிட்டேன். "அண்ணே, அவனுக்கு முன் பிரேக்கத் தொடாதேன்னு சொல்லிராதீங்க." கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "சொல்லிட்டேனேடா," என்றான்.

அடுத்த ஞாயிறு வீடியோ வந்தது. அதே பள்ளிக்கூட மைதானம். புது வண்டியில் கால் பிரேக்கை மிதித்தாலே முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் என்பதால், அப்பாவின் பழைய ஸ்ப்ளெண்டரை எடுத்திருந்தார்கள். செங்கல் வைத்த இடத்திலிருந்து அண்ணன் காலடி வைத்து எண்ணுகிறான். கால் பிரேக் மட்டும் பிடித்தபோது பதின்மூன்று. இரண்டும் பிடித்தபோது ஏழு. "இன்னொரு தடவ வாடா," என்று மகனைக் கூப்பிட்டுவிட்டு, செங்கல்லைச் சரியாக நகர்த்தி வைக்கிறான்.