நாய், பூனை, குக்கூ, ஆந்தை, அப்புறம் நான்: பாங்கியேரியைப் பாடிப் பார்த்த நான்கு மாதம்

அக்டோபர் கடைசியில் ஆரம்பித்தோம், பிப்ரவரியில் ஆட்கள் முன்னால் பாடிவிட்டோம். மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

இத்தாலியில் போலோன்யாவில் வேலை பார்க்கிறேன். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் ஐந்து பேர் கொண்ட பாட்டுக் குழுவில் இருக்கிறார், அவர்களுடைய பேஸ் (ஆண்களின் அடிக்குரல்) குரல்காரர் ஊர் மாறிப் போய்விட்டார். காப்பி மெஷின் பக்கத்தில் நின்று நான் கீழ் ஸ்தாயியில் எதையோ முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டு, "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வா" என்றார். சின்ன வயதில் ஆறு வருஷம் பாட்டு வகுப்புக்குப் போனதோடு சரி, அதற்கப்புறம் குளியலறைதான்.

அவர்கள் எடுத்து வைத்திருந்தது அத்ரியானோ பாங்கியேரியின் 'ஃபெஸ்தினோ', 1608இல் வெனிஸில் அச்சானது. முழுத் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'கொழுத்த வியாழன் மாலை, சாப்பாட்டுக்கு முந்தைய விருந்து'. தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய வியாழக்கிழமையை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள், கார்னிவல் நாள். ஐந்து குரலுக்கு சுமார் இருபது சின்னப் பாட்டுகள்: முகமூடி போட்ட காதலர்கள் வருகிறார்கள், தக்ளி விற்கிறவர்கள் வருகிறார்கள், பெர்னார்தினா அத்தை கதை சொல்கிறாள், எல்லோரும் குடிக்கிறார்கள். கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. எழுதியவர் யார் என்றால் ஒரு துறவி! ஊருக்குத் தெற்கே குன்றின் மேல் இருக்கும் சான் மிக்கேலே இன் போஸ்கோ மடத்தில் ஆர்கன் வாசித்தவர், பிற்பாடு மடாதிபதியும் ஆனார்.

முதல் மூன்று வாரம் சும்மா நோட்ஸ் படிப்பதிலேயே போயிற்று. அந்தக் காலத்தில் எல்லாக் குரலையும் ஒரே பக்கத்தில் அச்சடிக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை, ஒவ்வொரு குரலுக்கும் தனிப் புத்தகம், அதில் தாளக் கோடும் கிடையாது. எங்கள் குழுவை நடத்துகிற பள்ளிக்கூட டீச்சர் அப்படியே பாடினால்தான் காது திறக்கும் என்று அடம்பிடித்தார். பக்கத்தில் நிற்பவர் என்ன பாடப் போகிறார் என்று எனக்குத் தெரியாது, நான் எங்கே இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது, ஒருவர் வழி தவறினால் ஐந்து பேரும் ஐந்து தெருவில். எனக்குக் கை கொடுத்தது பாட்டு வகுப்புதான். இவர்கள் கை ஒருமுறை இறங்கி ஒருமுறை ஏறினால் ஒரு அளவு என்று வைத்துக்கொண்டு எண்ணுகிறார்கள், தாக்டுஸ் என்று பெயர். எனக்குத் தொடையில் தட்டாமல் பாடவே வராது, அதனால் இரண்டாவது வாரமே அது பழகிவிட்டது. மூன்றாவது வாரத்தில் டெனர் (ஆண்களின் மேல்குரல்) பாடும் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் என் கையைப் பார்த்துத்தான் உள்ளே நுழைந்துகொண்டிருந்தார், கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

இதில் எல்லோரும் கேட்க வருவது ஒரே ஒரு பாட்டுக்காக: 'கொன்த்ராப்புந்தோ பெஸ்தியாலே அல்லா மென்தே', அதாவது மிருகங்கள் மனோதர்மமாகப் பாடும் பல்குரல் பாட்டு. அதற்கு முந்தைய சின்னப் பாட்டில் மூன்று குரல்கள் சபையைப் பார்த்து, இப்போது ஒரு நாய், ஒரு பூனை, ஒரு குக்கூ, ஒரு சின்ன ஆந்தை சேர்ந்து ஒரு பேஸுக்கு மேல் மனோதர்மமாகப் பாடப் போகிறார்கள் என்று அறிவிப்பு செய்கின்றன. 'அல்லா மென்தே' என்பதும் அதுதான். அன்றைக்குக் கோவிலில் பாடகர்கள் ஒரு பழைய மெட்டைக் கீழே நீட்டி நீட்டிப் பிடித்துக்கொண்டு, அதன் மேல் எழுதிவைக்காமல் அப்போதைக்கப்போது சுரம் கோத்துப் பாடுவார்கள். தினமும் அதைக் கேட்டுக்கொண்டிருந்த துறவி, அதையே நாயையும் பூனையையும் விட்டுப் பாட வைக்கிறார்.

அந்த நான்கும் மற்றவர்களுக்குப் போய்விட்டது. எனக்கு நீட்டிப் பிடிக்கிற வேலை. வரிகள் வேறு அரைகுறை லத்தீன்: கூனனை நம்பாதே, நொண்டியையும் அப்படியே, மாறுகண்காரன் ஒருவன் நல்லவனாக இருந்துவிட்டால் அதை வரலாற்றில் எழுதி வை. இதை முகத்தில் சலனமே இல்லாமல் ஜபம் மாதிரி பாட வேண்டும். எனக்கு அந்த வரிகள் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. பாங்கியேரி இருந்த அந்த மடம் 1896இலிருந்து எலும்பு முறிவு, முதுகுத்தண்டு, மூட்டு எல்லாவற்றுக்கும் பேர் பெற்ற ரிட்சோலி மருத்துவமனை. டீச்சர் இதைச் சொன்ன அன்றைக்கு ஒத்திகையை நிறுத்திவிட்டு ஐந்து நிமிஷம் சிரித்தோம். நிகழ்ச்சியில் வரிகளை மாற்றாமல், இந்த மருத்துவமனை விஷயத்தை முன்னாலேயே சபைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவாயிற்று.

டிசம்பரில்தான் பெரிய தப்பு செய்தோம். நாடகத்தனமாக இருக்க வேண்டும் என்று ஆளுக்கொரு காகிதக்கூழ் முகமூடி வாங்கினோம். நாய்க்குக் காது தொங்கியது, பூனைக்கு மீசை, பார்க்க அட்டகாசம். போட்டுக்கொண்டு பாடினால் மூச்சு முட்டுகிறது, புத்தகம் தெரியவில்லை, தன் குரலே தன் காதுக்குள் குடத்துக்குள் பேசுகிற மாதிரி சுற்றுகிறது. பூனை பாடுகிற மருந்துக்கடை அம்மாள் முகமூடியைத் தாண்டிக் கேட்க வேண்டுமே என்று கத்தக் கத்தச் சுருதி ஏறிக்கொண்டே போயிற்று. போனில் பதிவு செய்து வீட்டில் கேட்டேன். வெறும் கூச்சல், என் பேஸ் இருந்ததா இல்லையா என்பதே தெரியவில்லை.

அடுத்த வாரம் டீச்சர் ஓராட்சியோ வெக்கி எழுதியதைக் கொண்டுவந்து படித்தார். பக்கத்து ஊர் மோதெனாக்காரர், 1597இல் 'ஆம்ஃபிபர்னாசோ' என்று இதே ரகத்தில் ஒன்றை அச்சிட்டவர். அதன் முன்னுரைப் பாட்டே சொல்லிவிடுகிறது: இந்தக் கூத்தை மனதால் பார்க்க வேண்டும், அது காது வழியாக நுழையும், கண் வழியாக அல்ல, ஆகவே பேசாமல் கேளுங்கள். இருபத்தைந்து யூரோ முகமூடி வாங்குவதற்கு முன்னால் இதைப் படித்திருக்கலாம்.

சரி என்று ஒரு சோதனை. ரயில்வேக்காரரின் பேரனை முதுகைக் காட்டி உட்கார வைத்து, எது எந்த மிருகம் என்று சொல்லச் சொன்னோம். குக்கூ சரி, பூனை சரி. நாயை ஆடு என்றான். ஆந்தையைச் சைக்கிள் பம்பு என்றான்.

அங்கிருந்துதான் வேலை உருப்பட்டது. நாய்க்கு எழுதியிருப்பது 'பபாவ்', எங்கள் ஆள் கடைசி உயிரெழுத்தை இழுத்துக்கொண்டிருந்தார். பகர ஒலியைப் பட்டென்று வெடித்து, 'ஆவ்'வைப் பாதியில் வெட்டிவிட்டால் போதும், நாய் வந்துவிடுகிறது. பூனைக்கு நேர்மாறு. 'மியாவ்' என்பதில் 'மி'யிலேயே நேரத்தைச் செலவழித்துவிட்டு மீதியைக் கடைசியில் வழுக்க விட வேண்டும், மூக்கால் பாடவே கூடாது. ஆந்தை 'கியூ' என்று குட்டையாக, காற்றுக் கலக்காமல். (எழுத்துக்கூட்டைப் பார்த்து நான் ஒரு மாதம் 'ச்சியூ' என்று நினைத்திருந்தேன், நல்லவேளை அது என் பங்கு இல்லை.) சொன்னால் ஒன்றுமில்லாத விஷயம், உட்காருவதற்கு ஐந்து ஒத்திகை ஆயிற்று. ஒவ்வொருவரும் தன் மிருகத்தைக் குறைக்கக் குறைக்க என் சலிப்பான லத்தீன் மேலே வந்தது, அது மேலே வந்த பிறகுதான் சிரிப்பும் வந்தது.

கடைசியில் வேஷம் என்று வைத்துக்கொண்டது எனக்கு ஒரு கறுப்புச் சால்வை, அவ்வளவுதான்.

நிகழ்ச்சி கொழுத்த வியாழன் அன்று ஆறரை மணிக்கு, ஒரு சின்ன ஹாலில், நாற்பது பேர் இருப்பார்கள். தலைப்பில் சொன்னபடி சாப்பாட்டுக்கு முன்னால். பக்கத்து மேஜையில் ஸ்ஃப்ராப்போலே அடுக்கி வைத்திருந்தார்கள், கார்னிவல் பலகாரம், மாவை ரிப்பன் மாதிரி வெட்டிப் பொரித்து மேலே சர்க்கரை தூவியது. மூன்றாவது வரிசையில் ஒருவர் முதல் பாட்டிலிருந்து அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொதப்பல் 'வினாத்தா'வில், அதாவது குடிப் பாட்டில். நிஜக் கண்ணாடிக் கோப்பைகளைத் தாளத்துக்கு இடிப்பதாக ஏற்பாடு. ஒத்திகையில் காலிக் கோப்பைகள் 'கிணீங்' என்று எங்கள் சுருதிக்கு ஒட்டாத ஒரு சுரத்தைக் கொடுத்துக்கொண்டே இருந்தன, அதனால் பாதி தண்ணீர் ஊற்றி ஒலியை மட்டுப்படுத்தி வைத்திருந்தோம். அன்றைக்கு யாரோ அன்பாக அதைக் கொட்டிவிட்டு ஒயின் ஊற்றி வைத்துவிட்டார்கள், அதுவும் விளிம்பு வரைக்கும். முதல் இடியிலேயே என் புத்தகம் நனைந்து, அடுத்த இரண்டு வரி மனோதர்மம்தான்.

மிருகப் பாட்டு நன்றாகவே போயிற்று. முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். பதிவைக் கேட்டதில் 'நுல்லா ஃபீதெஸ்' (அந்த லத்தீன் வரிகளின் தொடக்கம்) என்று நான் நுழைவது ஒரு அரை அளவு தாமதம், நான்கு பேரும் எனக்காகக் காத்திருப்பது தெரிகிறது. யாரும் என்னிடம் அதைச் சொல்லவில்லை.

அடுத்தது பாங்கியேரியின் 1605 'பார்கா', வெனிஸிலிருந்து பாதுவாவுக்குப் படகில் போகிறவர்கள், ஊருக்கு ஒரு பேச்சு. புத்தகத்தை வாங்கியாயிற்று. முகமூடிகள் அட்டைப்பெட்டியோடு என் அலமாரி மேல் இருக்கின்றன, யாருக்காவது வேண்டுமென்றால் தரலாம்.