நாய்க் காப்பகத்துக்குப் பொருளா, பணமா?

எங்கள் ஊர் எல்லையில், தகரக் கூரையின் கீழ் இயங்கும் ஒரு சிறிய நாய்க் காப்பகத்துக்கு என்னால் இயன்றதைக் கொடுத்து வருகிறேன். உதவ நினைப்பவர்கள் பெரும்பாலும் பிஸ்கட் பொட்டலங்களைத்தான் வாங்கிச் செல்கிறார்கள். அன்பில் குறையில்லை; ஆனால் அங்கே நாள்தோறும் தீர்ந்துபோவது அரிசி, கோழி ஈரல், பழைய செய்தித்தாள், பருத்திப் போர்வை, பிளீச்சிங் பவுடர் ஆகியவைதான்.

பிளீச்சிங் பவுடரைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. குட்டிகளை இரத்தக் கழிச்சலில் தள்ளும் பார்வோ கிருமி தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கும். பினாயிலுக்கு அது அடங்காது. மலத்தை முழுவதும் கழுவிய பிறகு, பிளீச்சிங் கரைசலைத் தரையில் 10 நிமிடமாவது ஊறவிட வேண்டும். நோயுற்ற குட்டி படுத்த துணியை அங்கே எரித்துவிடுகிறார்கள் என்பதால், எத்தனை போர்வை கொடுத்தாலும் போதுவதில்லை.

தடுப்பூசிக்கு மட்டும் பணமாகக் கொடுப்பதே நல்லது. அதை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். நாம் கடையில் வாங்கி வெயிலில் எடுத்துச் சென்றால் அதன் வீரியம் கெட்டுவிடும். மேலும், குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் ஊசியைப் பதினாறு வாரம் வரை சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருப்பதால், ஒரே தடவை தரும் பெருந்தொகையைவிட மாதந்தோறும் தவறாமல் வந்து சேரும் சிறுதொகையை நம்பித்தான் அவர்களால் அடுத்த குட்டியை உள்ளே எடுத்துக்கொள்ள முடிகிறது.