கையெழுத்துப் போடாத மன்னிப்புக் கடிதம்

தருமபுரிக்காரர்களுக்கு நிலத்தடி நீரில் கலந்திருக்கும் ஃபுளோரைடு பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. என் அப்பாவின் முன்பற்களில் படிந்திருக்கும் பழுப்புக் கறையே போதும். எங்கள் அரசுக் கல்லூரி விடுதிக்கு 9 நாள் ஒகேனக்கல் தண்ணீர் வரவில்லை. அந்த ஃபுளோரைடு கலந்த போர்வெல் தண்ணீரையே குடிக்கச் சொன்னார்கள். 40 பேர் காலிக் குடங்களோடு புங்கமரத்தடியில் உட்கார்ந்து கோஷம் போட்டோம். வகுப்பு மணி அடித்ததும் எழுந்து போய்விட்டோம்.

மறுநாள் 6 பேர் சஸ்பெண்ட். அலுவலகத்தில் ஒரு தாளை நீட்டினார்கள். "வெளியாட்களின் தூண்டுதலால் தவறு செய்துவிட்டேன், இனி எந்தப் போராட்டத்திலும் கலந்துகொள்ள மாட்டேன்." எல்லாம் டைப் அடித்து, பெயருக்கு மட்டும் புள்ளிக்கோடு. தக்காளி பறிப்பை விட்டுவிட்டுப் பாலக்கோட்டிலிருந்து ஓடி வந்திருந்த அப்பா, "போட்டுக் குடுத்துடும்மா, டிசி குடுத்துட்டா என்ன பண்றது?" என்றார். பேனாவை எடுத்தேன். யாரும் தூண்டாததைத் தூண்டினார்கள் என்று எழுத மனம் வரவில்லை. கீழே வைத்துவிட்டேன்.

தெரிந்த வக்கீல் அண்ணன் சொன்னது ஒன்றுதான்: "வாயால பேசாதம்மா, எழுத்துல கேளு." சஸ்பெண்ட் ஆணை, எங்கள் மேல் வந்த புகார், நாங்கள் மீறிய விதி, மூன்றுக்கும் நகல் கேட்டு ஒப்புகை அட்டையோடு தபால் அனுப்பினோம். அமைதியாக, ஆயுதமின்றிக் கூடும் உரிமையை அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு தருகிறது. அரசுக் கல்லூரி அதற்குக் கட்டுப்பட்டது என்றும் எழுதினோம். 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஆர்டிஐ மனுவும் போட்டோம்.

அடுத்து, கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவிடம் புகார் கொடுத்தோம். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2023 விதிமுறைப்படி புகார் கிடைத்த 15 வேலை நாளுக்குள் குழு அறிக்கை தர வேண்டும். விசாரணையில் "யார் சொல்லிச் செஞ்சீங்க?" என்று மூன்று முறை கேட்டார்கள். கல்லூரிக் கையேட்டின் கடைசிப் பக்கத்தை விரித்து வைத்தேன். விளக்கம் கேட்காமல் நடவடிக்கை இல்லை என்று பொடி எழுத்தில் இருந்தது. குழுவில் இருந்த பேராசிரியை ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைச் சத்தமாக வாசித்தார். அதன்பிறகு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

16ஆம் நாள் சஸ்பெண்ட் ரத்தானது. ஆர்டிஐ பதில் அதற்கும் பிறகுதான் வந்தது: எங்கள் மேல் எழுத்துப்பூர்வமான புகார் எதுவும் கோப்பில் இல்லையாம். படித்ததும் அழுகையே வந்துவிட்டது.

ஆனால் வருகைப் பதிவேட்டில் அந்த 12 வேலை நாளும் ஆப்சென்ட் என்றே இருக்கிறது. தேர்வெழுத 75 சதவீதம் வேண்டும். இரண்டு பேருக்கு இடிக்கிறது. பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளருக்கு மேல்முறையீடு அனுப்பியிருக்கிறோம். ஒப்புகை அட்டை இன்னும் திரும்பி வரவில்லை.