நாயோட கடற்கரையில நடக்கறவங்க கவனத்துக்கு

கன்னியாகுமரி மாவட்டத்துல தேங்காப்பட்டணம், நீரோடி, மணவாளக்குறிச்சி பக்கம் நாயைக் கூட்டிட்டு நடக்கறவங்க காலை 8 மணிக்குள்ள முடிச்சிடுங்க. மணவாளக்குறிச்சியில இல்மனைட்ங்கற கருப்புத் தாது கலந்த கருமணல், வெள்ளை மணலைவிட சீக்கிரம் சூடேறும். புறங்கையை மணல்ல வச்சுப் பாருங்க. 7 விநாடி தாங்கலைன்னா நாயோட பாதமும் தாங்காது.

கரமடி (கரையில நின்னு இழுக்கற வலை) இழுத்த இடத்துல நாயோட கயிறைக் குறுக்கிப் பிடிங்க. வலையில இருந்து உதறிப்போட்ட பேத்தை மீன் அங்கதான் கிடக்கும். வயிறு உப்பி, கிளிமூக்கு மாதிரி பல்லு. காய்ஞ்சாலும் அதோட விஷம் போகாது, மாற்று மருந்தும் கிடையாது. நாய் கவ்வினா வாயில இருக்கறதை எடுத்துட்டு நேரா கால்நடை மருத்துவர்கிட்ட போங்க. தள்ளாட்டம் வருதான்னு பார்த்துட்டு நிக்கவே கூடாது, மூச்சுத் தசை செயலிழந்துதான் உயிர் போகும்.

தாகத்துல கடல்தண்ணி குடிச்சா வாந்தியும் வயித்துப்போக்கும் வரும். நல்ல தண்ணி 1 லிட்டராவது கையில இருக்கட்டும். ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரை கடல் சீறும், அலை ஓரமே வேண்டாம்.

வெயில் நாளுக்கு குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்ட நிழல்தான் என் தேர்வு. தோட்டக்காரங்ககிட்ட கேட்டுட்டுப் போங்க. ரப்பர் பால் சிரட்டையை நக்க விடாதீங்க. திரும்பினதும் விரலிடுக்கு, காதுமடல் உள்பக்கம் உண்ணி, அட்டை இருக்கான்னு தடவிப் பாருங்க.