நியூ ஜெர்சி டாக்ஸ் லீன்: ஒரு நகல் அனுப்பாததால் போன பணம்

வீட்டுவரி பாக்கியை ஏலத்தில் நாம் கட்டி, அதை உரிமையாளரிடமிருந்து வட்டியோடு திரும்பப் பெறும் உரிமையை வாங்குவதுதான் டாக்ஸ் லீன்; அதற்குத் தருவது வரிச் சான்றிதழ். 2022-ல் ஏலத்தில் நான் எடுத்த ஒரே ஒரு சான்றிதழுக்கான காசோலை ஒருவழியாக வந்துவிட்டது. போட்ட பணம் திரும்பியது, வட்டியும் கிடைத்தது. வக்கீலுக்குக் கொடுத்தது மட்டும் போனது போனதுதான். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

ஏலம் 18% வட்டியில் தொடங்கிப் போட்டியில் இறங்கும்; குறைந்த வட்டி கேட்பவருக்குத்தான் சான்றிதழ். நான் எடுத்தது 0% வரை இறங்கி, மேற்கொண்டு பிரீமியமும் (ஏலத்தில் ஜெயிக்க மேலே தரும் தொகை) கட்ட வேண்டி வந்தது. மூன்று மாதத்துக்குள் கவுண்டி (மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் சான்றிதழைப் பதிவு செய்தேன், சிக்கல் இல்லை. வீட்டுக்காரர் அதற்கப்புறமும் வரி கட்டவில்லை. அந்தக் காலாண்டு வரிகளையும் நானே கட்டிவந்தேன். உண்மையான வட்டி அதில்தான். ஆனால் கட்டிய ஒவ்வொரு முறையும் வரி அலுவலகத்தில் பிரமாணப் பத்திரம் கொடுத்துவிடுங்கள்.

ஏல நாளிலிருந்து இரண்டு வருடம் முடியும்வரை நம்மைப் போன்ற தனி முதலீட்டாளர்கள் வீட்டை எடுத்துக்கொள்ள வழக்குப் போட முடியாது. இரண்டு வருடம் முடிந்தாலும் வீடு தானாக நம்முடையது ஆகிவிடாது. கோர்ட்டின் இறுதித் தீர்ப்பு வரை உரிமையாளர் பணம் கட்டி மீட்கலாம். 2023-ல் மினசோட்டாவின் ஜெரால்டின் டைலர் வழக்கில், வரிக் கடன்போக மிச்சத்தை அரசு வைத்துக்கொள்ளக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, நியூ ஜெர்சியும் 2024-ல் சட்டத்தை மாற்றியது. வீட்டை ஏலத்தில் விற்று, கடன்போக மிச்சத்தைத் தரும்படி உரிமையாளர் இப்போது கேட்கலாம். 15,000 டாலர் பாக்கிக்காக 40,000 டாலருக்கு விற்ற டைலர் வீட்டின் மிச்சத்தையும் அங்கே அரசே வைத்துக்கொண்டதுதான் அந்த வழக்கு. மாற்றம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

நான் சறுக்கியது 30 நாள் கடிதத்தில். வழக்குக்கு 30 நாள் முன்பே உரிமையாளருக்கு அதை அனுப்ப வேண்டும், மீட்க எவ்வளவு என்ற தொகையும் அதில் இருக்க வேண்டும். தொகையைக் கேட்டு வரி அலுவலகத்துக்கு மூன்று முறை போன் செய்தேன். "எழுதிக் கேளுங்கள்" என்று மூன்றாவது முறைதான் சொன்னார்கள். சிக்கனம் பார்த்துக் கடிதத்தை நானே எழுதி உரிமையாளருக்கு அனுப்பினேன். அதன் நகலும் அனுப்பியதற்கான அத்தாட்சியும் வரி அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பது தெரியாது. கவுண்டரில் இருந்தவரும் சொல்லவில்லை. வழக்குப் போட்ட சில வாரங்களில் வீட்டுக்காரர் மீட்க வந்தார். "உங்கள் நோட்டீஸ் கோப்பில் இல்லை, அவர் கட்டும் தொகையில் வக்கீல் கட்டணம் சேர்க்க முடியாது" என்று வரி அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். தயவுசெய்து அந்தக் கடிதத்தை வக்கீலிடமே விடுங்கள்.

பணம் வாங்கப் போன அன்றும் வீண் அலைச்சல். சான்றிதழின் நகலை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அசல் சான்றிதழைக் கையெழுத்திட்டு ஒப்படைத்தால்தான் காசோலையாம். அசலோ பேங்க் லாக்கரில். மறுநாள் லீவு போட்டு மறுபடி போனேன். அசலைக் கொடுத்தேன், பிரீமியத்தோடு சேர்த்துக் காசோலை வந்தது. வீட்டுக்காரர் அதே வீட்டில்தான் இருக்கிறார். அதில் எனக்கு நிம்மதிதான்.