ஓரா மீன்: குத்துகிற இடமும் பெயர் வந்த இடமும்

சீனப் புத்தாண்டை ஒட்டி சிங்கப்பூர்ச் சந்தைகளில் ஓரா மீன் விலை ஏறிவிடும். அப்போது அதற்குச் சினை நிறைந்திருக்கும். சீனர்களில் தியோச்சூ பேசுகிறவர்கள் ‘பெக் தோர்’ என்று கேட்டு வாங்குவார்கள், வெள்ளை வயிறு என்று பொருள். மலாயில் டெங்கிஸ்.

ஆங்கிலத்தில் இது ராபிட்ஃபிஷ். மழுங்கிய மூக்கு, சின்ன வாய், கடற்புல்லையும் பாசியையும் கொறித்துத் தின்னும் பழக்கம் எல்லாம் சேர்ந்து முயலாக்கிவிட்டன. சிகானஸ் என்ற அறிவியல் பெயர் அரபு மீனவர்கள் சொல்லும் ‘சிஜான்’ என்பதிலிருந்து வந்தது. அந்தப் பெயரைக் குறித்துவைத்தவர் செங்கடல் பக்கம் உயிரினங்களைச் சேகரிக்கப் போன இயற்கையியலாளர் பீட்டர் ஃபோர்ஸ்கோல்; 1763இல் ஏமனில் இறந்துபோனார். அவருடைய குறிப்புகள் அச்சேறியது 1775இல்தான். நம் சந்தைக்கு வரும் சிகானஸ் கனாலிகுலேட்டஸ் வகைக்கு 1797இல் பெயர் வைத்தவர் மங்கோ பார்க். ஆப்பிரிக்காவில் நைஜர் ஆற்றைத் தேடிப் போனாரே, அதே ஆள்தான்.

சமையலறைக்கு உதவுவது இன்னொரு ஆங்கிலப் பெயர்: ஸ்பைன்ஃபூட், அதாவது முட்கால். முதுகில் 13 முள், குதத்துக்குப் பின்னால் 7 முள் என்பதைப் பலரும் பார்த்துவிடுவார்கள். வயிற்றடித் துடுப்பு ஒவ்வொன்றிலும் முன்னும் பின்னுமாக இரண்டு முள், நடுவில் மூன்று மென்கதிர். இந்த அமைப்பு இந்தக் குடும்பத்துக்கே உரியது. மீனை வயிற்றுப் பக்கம் பிடிக்கிறவர் குத்துப்படுவது இதில்தான். பிடரியில் முன்னோக்கிய ஒரு குட்டி முள்ளும் தோலுக்குள் ஒளிந்திருக்கும்.

முள்ளின் இரு பக்கப் பள்ளத்திலும் நஞ்சுச் சுரப்பி உண்டு. செத்த மீனும் குத்தும், கடுக்கும். தலையைத் தடித்த துணியால் பிடித்து, வாலிலிருந்து தலைப்பக்கமாகக் கத்தரிக்கோலால் முட்களை அடியோடு வெட்டுங்கள். முட்கள் பின்பக்கம் சாய்ந்திருப்பதால் அப்படிப் போனால்தான் கத்தரி அவற்றுக்கு அடியில் நுழையும். செதில் மிகப் பொடி, தேய்க்கத் தேவையில்லை.

மீனை வாங்கிய அன்றே குடலை எடுத்துவிட வேண்டும். பாசி தின்னும் மீன் என்பதால் குடல் நீளம். உள்ளேயே கிடந்தால் அந்த வாடை சதையில் ஏறிவிடும், பிறகு எவ்வளவு புளி கரைத்தாலும் போகாது. வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புச் சவ்வையும் சுரண்டிவிடுங்கள். சினை மீனென்றால் கத்தியை ஆழமாக இறக்காதீர்கள், சினை கிழியும். பித்தப்பை உடைந்தால் கசக்கும். 250 கிராம் மீனைக் கொதி நன்றாக ஏறிய பிறகு வைத்து 8 நிமிடம் ஆவியில் வேகவிட்டால் போதும். குழம்பென்றால் புளி கொதித்துச் சுண்டிய பிறகு கடைசியாகப் போடுங்கள். சதை மென்மையானது, கிண்டினால் உதிரும்.

நஞ்சு புரதம்தான், சூட்டில் சிதைந்துவிடும். ஆகவே சமைத்த மீனால் கெடுதி இல்லை. குத்திவிட்டாலும் இதே சூடுதான் கைகொடுக்கும்: குத்துப்பட்ட இடத்தைப் பொறுக்கக்கூடிய வெந்நீரில், 45 பாகை செல்சியஸைத் தாண்டாமல், வலி தணியும்வரை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைத்திருங்கள். சூட்டை மற்றக் கையால் பார்த்துக்கொள்ளுங்கள்; கடுக்கிற கைக்குக் கொதிநீரும் தெரியாது. முள் முறிந்து உள்ளே தங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.