பழைய கிராமபோனுக்கு மின்மோட்டார் பொருத்தலாமா?

பழைய கிராமபோனில் மின்மோட்டார் பொருத்துவதைச் சேகரிப்பாளர்கள் பலர் ஏற்பதில்லை. நான் அந்தக் கட்சி அல்ல. கிராமபோனின் முன்னோடியான, எடிசன் 1888-இல் மேம்படுத்திய போனோகிராஃப் மின்மோட்டாரில் ஓடிய கருவிதான். அமில மின்கலங்களைப் பராமரிப்பது பெருந்தொல்லையாக இருந்ததால்தான், 1890-களின் நடுவில் சாவி கொடுக்கும் ஸ்பிரிங் மோட்டார் அந்த இடத்தைப் பிடித்தது. ஆகவே மின்சாரம் இக்கருவிக்கு அந்நியமன்று. நான் விதிக்கும் நிபந்தனை ஒன்றே: பெட்டியில் புதிதாக ஒரு துளைகூட விழக்கூடாது, கழற்றிய ஸ்பிரிங்கும் சாவியும் பத்திரமாக இருக்கவேண்டும்.

ஸ்பிரிங் முறிந்து, மாற்றும் கிடைக்காத கருவிகளில் மட்டுமே நான் இதைச் செய்கிறேன். மோட்டாரைத் தனிப் பலகையில் ஏற்றி, பழைய திருகுத் துளைகளிலேயே ரப்பர் வாஷர் வைத்து முடுக்கி, இசைத்தட்டைத் தாங்கும் சுழல்தட்டை பெல்ட் மூலம் சுழற்றுகிறேன். நேரடியாக இணைத்தால் மோட்டாரின் அதிர்வு இசைத்தட்டு வழியே ஊசிக்கு ஏறி, குழலில் உறுமலாகக் கேட்கும். இக்காலப் பிளேயர்களின் சிறு மோட்டார் இதற்குப் போதாது. ஊசியின் அதிர்வை ஒலியாக்கும் சவுண்ட் பாக்ஸின் நூறு கிராமுக்கு மேற்பட்ட எடை முழுவதும் எஃகு ஊசியின் நுனியில் இறங்குவதால், குரல் ஓங்கும் இடங்களில் சுழல்தட்டு தயங்கிவிடும். கியர் வைத்த 12 வோல்ட் மோட்டாரே தாங்குகிறது.

இயன்றவரை, வேகத்தைச் சீராக வைக்கும் பழைய கவர்னரையும் விட்டுவைக்கிறேன். வேகம் கூடும்போது அதன் மூன்று சிறு குண்டுகளும் மெல்லிய தகடுகளை வளைத்து வெளியே விரிய, நடுவிலுள்ள வட்டத்தகடு நகர்ந்து தோல் துண்டில் உரசி வேகத்தைப் பிடித்து நிறுத்துகிறது. அந்தத் தோல் காய்ந்திருந்தால் பாட்டே நடுங்கும். ஒரு சொட்டு எண்ணெய் போதும்.

வேகத்தைச் சரிபார்க்க 77 கோடுகள் கொண்ட ஸ்ட்ரோப் அட்டையை (வேகம் காட்டும் வட்ட அட்டை) சுழல்தட்டில் வைத்து, நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் நியான் விளக்கின் கீழ் பார்க்கவேண்டும். கோடுகள் அசையாது நின்றால் வேகம் நிமிடத்துக்கு 77.92 சுற்று, அதாவது ஏறக்குறைய வழக்கமான 78. பல எல்இடி விளக்குகள் போதிய அளவு துடிப்பதில்லை என்பதால் அவற்றை நம்பமுடியாது. ஆனாலும் தொடக்ககால இசைத்தட்டுகள் எல்லாம் 78-இல் பதிவானவை அல்ல. 74-இல் பதிவான கர்நாடக சங்கீதத் தட்டை 78-இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை ஏறி, பாடகரின் குரலே மாறிவிடும். அங்கே அட்டையை ஒதுக்கிவிட்டு, காதை நம்பியே வேகத்தைக் குறைக்கிறேன்.